உறைந்த ஏரியில் அம்மா

பேருந்தின் கதவு திறந்ததும் அம்மாவின் மூக்குக்குள் ஏதோ சுருக்கென்று இறுகியது. மூச்சை இழுத்தால் மூக்குமுடி ஒவ்வொன்றும் விறைத்துக் குத்தியது. விட்டால் இளகியது. படியிலேயே நின்று இரண்டு மூன்று முறை இழுத்து விட்டுப் பார்த்தாள்.

"இறங்கும்மா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் அப்பா.

அவளை இறங்கச் சொன்னவர் தானும் இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டார். நிலையத்துச் சுவரில் வெப்பநிலை காட்டும் பலகை எரிந்துகொண்டிருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.

"மைனஸ் பதினெட்டு!" என்றார். "ஐஸ்கிரீம் பெட்டிக்கு நான் வைக்கிற அளவு இது! இருபத்தாறு வருஷமா இந்த நம்பரைக் கொண்டுவர எத்தனை மோட்டாரை மாத்தியிருப்பேன்! இங்க என்னடான்னா ஊர் முழுக்க சும்மா கெடக்கு."

கைகளை விரித்து மேலே பார்த்தார். பறந்து பறந்து விழுந்துகொண்டிருந்த வெள்ளைத் துகள்கள் அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஒட்டின. துடைக்க மனம் வரவில்லை.

பொடிசு மட்டும் எதையும் பார்க்காமல் பைகளை எண்ணினாள்.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் சந்திக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். அம்மா வெயில் கொளுத்தும் கடலோர ஊர் ஒன்றில் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள். பொடிசு அவர்களுடைய ஒரே மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம். அப்பாவைவிட அரையடி உயரமாக வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

கல்லூரியில் சேர இவ்வளவு தூரம் வந்திருப்பது மகள் அல்ல, அம்மாதான். நாற்பத்துமூன்று வயதில், யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டாள். நீரியல் பட்டமேற்படிப்பு, இரண்டு வருடம். இடம் கிடைத்த கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தபோது அப்பா மூன்று நாள் பேசாமல் இருந்து, நாலாம் நாள் "போயிட்டு வா" என்றார். பொடிசு அன்று முதல் அம்மாவோடு நேராகப் பேசுவதில்லை. இன்றோடு பதினோரு நாள்.

"அவங்க கையுறையைப் போடச் சொல்லுங்கப்பா" என்றாள் இப்போது, அம்மாவின் பக்கம் திரும்பாமலே.

"ரெண்டடி தள்ளி நிக்கிறா. நீயே சொல்லேன்."

பொடிசு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

விடுதிக் காப்பாளர் பெரிய சிவப்புப் பதிவேட்டோடு வாசலுக்கே வந்துவிட்டார். பொடிசைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வா! உனக்கு மூணாவது மாடி. அம்மா அப்பா ரெண்டு பேரும் வந்திருக்காங்களா, சந்தோஷம். முதல் நாள் எல்லாரும் அழுவாங்க, ரெண்டாவது நாள் சரியாப் போயிடும்."

"நான் இல்ல" என்றாள் பொடிசு. "அவங்க."

காப்பாளர் அம்மாவைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார். "அப்ப அழப்போறது யாரு?" என்று கேட்டார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

அறை சிறியது. ஒரு கட்டில், ஒரு மேஜை, சுவரோரமாக வெந்நீர் ஓடும் இரும்புக் குழாய்கள். அவற்றிலிருந்து கதகதப்பு வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி. அப்பா பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நேராக ஜன்னலுக்குத்தான் போனார்.

"இங்க பாரு! ரெண்டு கண்ணாடி, நடுவுல காத்து. இது நம்ம ஃபிரிட்ஜ் கதவேதான். என்ன, நாம உள்ள இருக்கோம், குளிர் வெளிய இருக்கு. வீட்டையே திருப்பிப் போட்டு வச்சிருக்கானுங்க."

எதிர்க் கட்டடத்தில் யாரோ ஜன்னலுக்கு வெளியே பால் பாக்கெட்டைப் பையில் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "சரிதான். இந்த ஊர்ல என் தொழிலுக்குச் சோறு கிடைக்காது" என்றார்.

அம்மா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது கட்டடத்துக்கு அப்பால். அங்கே ஒரு பெரிய வெண்மை இருந்தது. மரம் இல்லை, மேடு இல்லை, வேலி இல்லை. தூரத்தில் அது எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நடுவில் புள்ளிகளாக இரண்டு பேர் நடந்துபோனார்கள்.

"அது என்ன மைதானமா?" என்று காப்பாளரிடம் கேட்டாள்.

"மைதானமா? அதுதாம்மா ஏரி."

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

பதினோரு மணிக்கு ஏரிக்கரையில் பன்னிரண்டு மாணவர்கள் நின்றார்கள். பதினொருவருக்கு இருபத்துச் சொச்சம் வயது. பன்னிரண்டாவது அம்மா, கடன் வாங்கிய சிவப்புக் கோட்டில்.

பேராசிரியைக்கே முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். கன்னம் இரண்டும் குளிரில் சிவந்திருந்தன. சுற்றி வளைக்காமல் பேசினார்.

"இந்தப் படிப்புல பாதி வேலை பனி மேலதான். கரையிலேருந்து அதோ அந்தக் குடிசை வரைக்கும் தனியா நடக்கணும். பத்தடிக்கு ஒருதரம் இந்தக் கம்பியால குத்திப் பாக்கணும். கழுத்துல ரெண்டு ஆணி தொங்குது பாருங்க, தப்பித்தவறி உள்ள போனா அதைப் பனியில குத்தி மேல ஏறணும். இன்னிக்கு நடக்க முடியாதவங்க அடுத்த வருஷம் வாங்க. எனக்கு வருத்தம்தான், ஆனா வேற வழி இல்ல."

குடிசை முந்நூறு அடி தூரத்தில் இருந்தது. கரையில் நட்டிருந்த பலகையை அம்மா படித்தாள். ஆழம் அறுபது அடி.

மற்றவர்கள் படிக்காமலேயே போய்விட்டார்கள். அவர்கள் இந்த மாதிரி ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்கள். பனியில் சறுக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். அம்மாவுக்கு அறுபது அடித் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியும். பத்தொன்பது வருடமாக நீர்த்தேக்கங்களில் படகில் போய் மாதிரி எடுத்தவள்.

கைப்பையைப் பொடிசிடம் நீட்டினாள். பொடிசு வாங்கிக்கொண்டாள்.

"என்னால இதைப் பாக்க முடியாது" என்றார் அப்பா. "நான் அந்தப் பக்கம் போறேன். அங்க புகை வருது, பாய்லர் ரூமா இருக்கும். இவ குடிசைக்குப் போய்ச் சேந்ததும் வந்து சொல்லு."

"அப்பா, போகாதீங்க..."

அவர் அதற்குள் போய்விட்டார்.

அம்மா ஒரு காலை எடுத்து வைத்தாள். கெட்டியாக இருந்தது. இரண்டாவது காலையும் வைத்தாள். கம்பியால் குத்தினாள். டங் என்றது, சிமெண்டுத் தரையைக் குத்தியதுபோல. பத்தடி. மறுபடி குத்தினாள்.

பாதி தூரம் போனபோது ஏரி கத்தியது.

அதை வேறெப்படியும் சொல்ல முடியாது. எங்கோ தொலைவில் ஒரு முனகலாகத் தொடங்கி, வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக அவள் காலடியில் புகுந்து, மறுகரைக்கு ஓடியது. உள்ளங்கால் அதிர்ந்தது. அம்மா அப்படியே குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் பனியில் ஊன்றிக்கொண்டாள்.

கரையில் பொடிசு "அம்மா!" என்று அலறினாள். பதினோரு நாளில் முதல்முறை. காற்று எதிர்த்திசையில் அடித்ததால் அது அம்மாவுக்குக் கேட்கவில்லை.

குடிசையின் பக்கத்திலிருந்து பேராசிரியையின் குரல் மட்டும் வந்தது. "பயப்படாதீங்க! வெயில் பட்டா அது நீட்டி நிமிரும், அந்தச் சத்தம்தான்! கத்துற பனி நல்ல பனி! முழங்கை நீளத்துக்குக் கெட்டியா இருக்கு, லாரியே போகும்!"

அம்மா எழவில்லை. கைக்கு அடியில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்று அந்த இடத்தில் தூள்பனியைத் துடைத்துப் போட்டிருந்தது. கீழே கருமையாக, கண்ணாடியாக, ஆழம் தெரிந்தது. அதற்குள் குமிழிகள். அடியிலிருந்து மேலே வரக் கிளம்பியவை, பாதி வழியில் தண்ணீர் இறுகிவிட, அப்படியப்படியே நின்றுவிட்டிருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, வெள்ளைத் தட்டுகளாக, நூற்றுக்கணக்கில். ஆய்வுக்கூடத்துக் குடுவைகளில் அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்த குமிழிகள்தான். ஒன்றுகூட ஒரு நொடிக்கு மேல் நின்று பார்த்ததில்லை.

அவள் எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ தெரியாது. பயம் எந்த நேரத்தில் விட்டுப்போனது என்பதும் தெரியாது. கரையிலிருந்து பார்த்த பொடிசுக்கு, வெள்ளையில் ஒரு சிவப்புப் புள்ளி எழுந்து நின்றதும், கம்பியை ஊன்றிக்கொண்டு மளமளவென்று நடந்ததும்தான் தெரிந்தது. குடிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் கைதட்டினார்கள்.

பொடிசு மூச்சை விட்டாள். அது வெண்புகையாக முகத்துக்கு முன்னால் நின்றது.

அப்போதுதான் கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது.

அம்மாவின் அலுவலகத்திலிருந்து செய்தி. பிரிக்காமலே திரையில் முழுதும் தெரிந்தது. 'தாங்கள் கோரிய படிப்பு விடுப்பு ஏற்கப்படவில்லை. வரும் திங்கட்கிழமைக்குள் பணியில் சேரவும். தவறினால் தங்கள் இடத்தில் வேறொருவர் நியமிக்கப்படுவார்.' கீழே மேலதிகாரியின் பெயர். பத்து நாளுக்கு முன்னால் "தாராளமாப் போய்ப் படிச்சுட்டு வாங்கம்மா" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிய அதே மனிதர்.

திங்கட்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. இன்று மாலைப் பேருந்தைப் பிடித்தால் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

பதினோரு நாளாகப் பொடிசு இதற்குத்தான் ஏங்கினாள். ஏதாவது ஒன்று நடக்க வேண்டும், அம்மா போகக் கூடாது. பெட்டி கட்டும்போது, ரயில் ஏறும்போது, இன்று காலைகூட. இப்போது அது கையில் வந்து நிற்கிறது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. தேடிப் பார்த்தாள், வரவே இல்லை.

பேராசிரியை கை அசைத்துக் கூப்பிட்டார். "கூட வந்தவங்களும் வரலாம்! வாங்க!"

பொடிசு ஃபோனைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பனியில் இறங்கினாள்.

குடிசைக்கு அருகே பனியில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரத் திருகாணி மாதிரி ஒரு கருவியை இரண்டு மாணவர்கள் மாறிமாறிச் சுழற்ற, கடைசியில் அது தொளுக்கென்று உள்ளே போனது. துளையில் தண்ணீர் ஏறி வந்தது. கருமையான, தெளிந்த, ஆடுகிற தண்ணீர். இத்தனை குளிரில், இத்தனை கெட்டிக்கு அடியில், அது பாட்டுக்குத் தண்ணீராகவே இருந்தது.

"இதுல பிராணவாயு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு பாக்கணும்" என்றார் பேராசிரியை. "பாட்டில்ல ஒரு குமிழி இருந்தாலும் கணக்கு தப்பும். யார் பிடிக்கிறீங்க?"

முதல் மாணவன் பிடித்தான். மூடியைப் போட்டதும் கழுத்தில் ஒரு குமிழி. இரண்டாமவள் பிடித்தாள். இரண்டு குமிழி. மூன்றாமவன் பாட்டிலையே துளைக்குள் நழுவவிடப் பார்த்தான்.

"நான் பாக்கட்டுமா மேடம்?" என்றாள் அம்மா.

கையுறையைக் கழற்றினாள். ரப்பர்க் குழாயின் நுனியைப் பாட்டிலின் அடிவரை விட்டு, தண்ணீரை மெல்ல ஏறவிட்டு, வழியவிட்டு, இன்னும் வழியவிட்டு, குழாயை உருவும் அதே கணத்தில் மூடியைச் சாய்வாக இறக்கினாள். தலைகீழாகக் கவிழ்த்து வெளிச்சத்தில் காட்டினாள். குமிழி இல்லை.

பேராசிரியை பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா இதைச் செய்யறீங்க?"

"பத்தொன்பது. ஆனா மேடம்..." அம்மா தன் நனைந்த கையைப் பார்த்தாள். "தண்ணி சுடுது. இந்தக் காத்துக்கு அது வெதுவெதுன்னு இருக்கு. மேல இவ்வளவு நடக்குது, அது பாட்டுக்கு அடியில உசிரோட இருக்கு. நான் இத்தனை வருஷம் தண்ணியைத் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"கையைத் துடைச்சு உறையைப் போடுங்க, மொதல்ல!" என்று அதட்டினார் பேராசிரியை. ஆனால் அவர் கண்கள் சிரித்தன.

அதுவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மூன்றாமவன் பாட்டிலோடு பக்கத்தில் வந்தான். "அக்கா, எனக்கும் ஒருதரம் காட்டுங்கக்கா."

இதையெல்லாம் பொடிசு நான்கடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த அம்மா, வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சாம்பாருக்கு என்ன போடுவது என்று கேட்கிற அம்மா. பகல் முழுக்க அந்த அம்மா எங்கே போகிறாள், என்ன செய்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இருபது வருடத்தில் ஒருநாள்கூட.

மாணவர்கள் அடுத்த துளைக்கு நகர்ந்தபோது அவள் அம்மாவிடம் போனாள்.

"அம்மா."

அம்மா திரும்பினாள். அந்த ஒரு சொல்லுக்கே அவள் கண் கலங்கிவிட்டது. கலங்கியது உடனே உறைந்து இமையில் குத்தியது.

பொடிசு ஃபோனை நீட்டினாள். அம்மா படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"எப்ப வந்துச்சு?"

"நீ நடந்து முடிச்சதும். நான் இதை அழிச்சிருக்கலாம்மா. இல்ல, அப்பவே கத்தி உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். ரெண்டும் தோணுச்சு."

"ஏன் செய்யல?"

"தெரியல." பொடிசு காலால் பனியைத் தேய்த்தாள். "நீ போறேன்னு சொன்னப்ப, எங்களை விட்டுட்டுப் போறேன்னுதான் எனக்குக் கேட்டுச்சு. எங்க போறேன்னு நான் கேக்கவே இல்ல."

"காலைல இந்த மெசேஜ் வந்திருந்தா என்ன செஞ்சிருப்பே?"

"டிக்கெட் எடுத்துட்டு வந்து உன் கையில குடுத்திருப்பேன்."

"இப்ப?"

"நீ அந்தப் பாட்டில்ல தண்ணி பிடிச்சதைப் பாத்துட்டேம்மா. இப்ப என்னைக் கேக்காதே."

அம்மா ஏரியைப் பார்த்தாள். அது மறுபடி ஒருமுறை முனகியது. இந்தத் தடவை அவள் உட்காரவில்லை.

"என் விரல் மரத்துப்போச்சு. நீ அடி, நான் சொல்றேன்" என்றாள்.

பொடிசு ஒரு கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள்.

"மதிப்பிற்குரிய ஐயா. தங்கள் செய்தி கிடைத்தது. நான் படிப்பைத் தொடர்கிறேன். என் இடத்தை..." அம்மா நிறுத்தினாள். "என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடவும்."

"அம்மா, நிஜமாவா? பத்தொன்பது வருஷம்..."

"அடிச்சிட்டியா?"

"ம்."

"அனுப்பு."

அனுப்பியாகிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் புருவத்தில் வெள்ளை வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. பொடிசு அதைத் துடைத்துவிட்டாள்.

"அப்பாகிட்ட?"

"பஸ்ஸுக்கு முன்னாடி நானே சொல்றேன். நீ வாயைத் திறக்காதே."

மூன்றரை மணிக்கே வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு அப்பா ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். கையெல்லாம் கரி, மூக்கு நுனியிலும் கொஞ்சம் கரி. முகத்தில் சின்னப் பையனின் குஷி.

"நடந்துட்டியாமே! பாய்லர்காரர் ஜன்னல்லேருந்து பாத்துட்டுச் சொன்னாரு. எனக்குத் தெரியும், நீ நடப்பேன்னு."

"தெரிஞ்சுதான் ஓடிப்போனீங்களா?"

"அதை விடு. அங்க ஒரு பம்பு கடகடன்னு கத்திக்கிட்டு இருந்துச்சு பாரு..." சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். "நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும்."

"நீ சொல்லு மொதல்ல."

அம்மா நேராகச் சொன்னாள். செய்தி வந்தது, பதில் போனது, வேலை போய்விட்டது. மூன்றே வாக்கியம். பொடிசு அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குஷி மெல்ல வடிந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டிருந்தா மூணு நாள் பேசாம இருந்திருப்பீங்க. எனக்கு இருந்தது அரை நாள்தாங்க."

நிலையத்தின் கூரையிலிருந்து ஒரு பெரிய பனிப்பாளம் சரிந்து தொப்பென்று விழுந்தது. மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். விழுந்த இடத்தில் பொடியாக எழும்பிய துகள்கள் மாலை வெயிலில் பொன்னாக மின்னி, ஒரு கணம் காற்றிலேயே நின்றன. அப்பாவின் வாய் தானாகத் திறந்தது.

"என்னமா இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு அதே குரலில், "அந்தப் பம்பை நான் சரி பண்ணிட்டேன். பாய்லர்காரரோட கூட்டாளி போன வாரம் வேலையை விட்டுட்டாராம். குளிர்காலம் முடியிற வரைக்கும் இருக்கியான்னு கேட்டாரு. தங்க இடமும் உண்டு. பொண்ணு இருக்கா, முடியாதுன்னு சொல்லிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன். சும்மா, சொல்லி ரெண்டு பேரும் சிரிக்கலாம்னு."

யாரும் சிரிக்கவில்லை.

"இப்ப உன் வேலையும் இல்லேன்னா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

பேருந்தின் என்ஜின் உறுமியது. ஓட்டுநர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "எத்தனை பேரு ஏறுறீங்க? சீக்கிரம் சொல்லுங்க, உள்ள சூடு போகுது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு இருவரும் சேர்ந்து பொடிசைப் பார்த்தார்கள்.

பொடிசு அண்ணாந்து பார்த்தாள். பனி மறுபடி விழத் தொடங்கியிருந்தது. சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல், மேலே மேலே எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது. காலையில் அவள் பார்க்க மறுத்தது இதைத்தான். இரண்டு பகல், இரண்டு இரவுப் பயணம். அதன் கடைசியில் வெயில் காயும் ஒரு வீடு, அதில் அவள் மட்டும். நினைத்தால் பயமா என்று கேட்டால், சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"ஒருத்தர்தான்" என்றாள் ஓட்டுநரிடம்.

காலடியில் இருந்த தன் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். படியில் ஒரு காலை வைத்தாள். திரும்பிக் கையை நீட்டினாள்.

"பாய்லர்காரர்கிட்ட முடியும்னு சொல்லிடுங்கப்பா. வீட்டுச் சாவியைக் குடுங்க."

சாவி அப்பாவின் கோட்டுப் பைக்குள் இருந்தது. அவர் கையும் அதற்குள்தான் இருந்தது. சாவியை இறுகப் பிடித்திருந்த அந்தக் கை வெளியே வரவில்லை.